பள்ளி வாயிலைத் திறப்பித்த அய்யன்காளி

ஆண்டு விழா மலர் என்றால் அதில் பெரியார் ஒருவருடைய சரித்திரம் இருந்தே தீரவேண்டும் என்பது நம் சங்கத்து அன்பர்களின் எண்ணம். புலவர்களைப் பற்றியும் அரசர்களைப் பற்றியும் எழுதுவதற்கு நம்மினும் கற்றோர் பலர் உளர். ஆதலின் நாம் இவ்வாண்டு எடுத்துக்கொண்டவர் புலவரும் அல்லர், அரசரும் அல்லர். ஓர் எழுத்தைக்கூடப் படிக்க அறியாதவர். ஆயினும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எழுத்தறிவு பெறுவதற்குக் காரணராக விளங்கியவர். திருவனந்தபுரத்திற்குத் தெற்கே வெங்கானூர் என்னும் சிற்றூரிற் பிறந்த அய்யன்காளி என்பவரே அவர்.

மலையாள நாட்டார் ஒருவருடைய வரலாறு தமிழ் மலருக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுக்காக்களும் 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் திருவாங்கூர்ப் பகுதியோடு சேர்ந்திருந்தவை என்பதை அவர்கள் நினைவுகூர வேண்டும். அந்நாட்டுச் சட்டமும் அந்நாட்டு வழக்கமும் அங்கு வாழ்ந்த தமிழ் மக்களையும் கட்டியாண்டன. அன்றியும் அய்யன்காளி குருவாகக் கொண்டாடிய தைக்காட்டு ஐயாவு சுவாமிகள் தமிழ்நாட்டிற் பிறந்தவர். மூன்றாவதாக, நாம் குடியிருக்கும் இம்மைசூர் நகருக்கும் இவ்வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

திருவாங்கூர் கல்வியிற் சிறந்த நாடு என்பது நெடுங்காலப் பெயர். 1817 ஆம் ஆண்டிலேயே ராணி கௌரி பார்வதி பாய், குடிகளின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று கட்டளை பிறப்பித்தார். மற்ற சமஸ்தானங்கள் நினைத்தும் பாராத காலம் அது. ஆனால் குடிகள் என்ற சொல்லுக்குள் புலையரும் பறையரும் குறவரும் அடங்கவில்லை. அவர்கள் அந்நாளில் நிலத்தோடு சேர்த்து விற்கவும் வாங்கவும் பட்ட அடிமைகள். 1855 இல் அரசர் விளம்பரம் ஒன்றினால் அடிமை முறை ஒழிந்தது. கட்டு அறுந்ததே ஒழிய வழி திறக்கவில்லை. பொதுப் பாதையில் நடக்கக் கூடாது, சந்தைக்குள் நுழையக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி தாழக் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, கல்மணி மாலை தவிர வேறு நகை அணியக் கூடாது என்று விலக்குகள் வரிசையாக நின்றன. சர்க்கார் பள்ளிக்கூடத்தின் நிலையைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை. லண்டன் மிஷன் பாதிரிமார் நடத்திய பாடசாலைகளில் சிலர் படித்தார்கள். அவ்வழியிற் செல்லாதவர்களுக்கு ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை.

அடிமை ஒழிந்து எட்டு ஆண்டுகள் சென்றபின், 1863 ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 ஆம் நாள், அய்யன் என்னும் புலையருக்கும் மாலை என்னும் அம்மையாருக்கும் மூத்த மகனாகக் காளி பிறந்தார். தந்தை பெயரும் தம் பெயரும் சேர அய்யன்காளி ஆனார். தந்தையார் உழைப்பாளி. கொஞ்சம் நிலத்தைத் தம் பொறுப்பில் வைத்துப் பயிரிட்டு வந்தமையால் குடும்பம் பட்டினி அறியாதிருந்தது. இஃது ஒரு சிறு விஷயம்போலத் தோன்றலாம். ஆனால் நாளைய சோற்றுக்குப் பிறர் கையை நோக்காதவனுக்கே இன்று நிமிர்ந்து நிற்கும் துணிவு எளிதில் வரும் என்பது நம் கருத்து. இளமையில் அவர் சிலம்பம் முதலிய தற்காப்புக் கலைகளில் தேர்ந்தார். ஒத்த வயதுடைய இளைஞர் கூட்டம் ஒன்று அவரைச் சூழ்ந்து நின்றது. 1888 இல் செல்லம்மாள் என்னும் பெண்ணை மணந்தார்.

முப்பதாம் வயதில், அதாவது 1893 இல், அவர் செய்த காரியம் இன்று கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஒரு வில்வண்டி வாங்கினார்! வெள்ளைக் காளைகள் இரண்டைப் பூட்டினார். அவற்றின் கழுத்தில் மணி கட்டினார். தூய வேட்டி உடுத்து, மேலாடை அணிந்து, தலைப்பாகை சுற்றிக்கொண்டு, மணி ஒலிக்க ஒலிக்கப் பொதுச்சாலையில் வண்டியைச் செலுத்தினார். வண்டியும் சாலையும் தலைப்பாகையும் ஆகிய மூன்றுமே அவருடைய வகுப்பாருக்கு விலக்கப்பட்டவை. தடுக்க வந்தவர்கள் அவர் கையிலிருந்த கத்தியைக் கண்டு விலகினார்கள். சாலை சர்க்கார் பணத்தில் போட்டது, அதில் எவரும் போகலாம் என்பதே அவருடைய வாதம். கச்சேரியில் சொல்ல வேண்டிய இவ்வாதத்தைச் சாலையிலேயே சொன்னார் என்று கொள்க. 1898 இல் பாலராமபுரத்தில் சாலியர் தெரு வழியே அவரும் தோழரும் நடந்துபோன பொழுது அடிதடி மூண்டது. இருபக்கமும் காயமுற்றன. அதன்பின் பல ஊர்களில் புலையர் தாமாகவே சாலையில் நடக்கத் தொடங்கினர்.

சாலை கிடைத்தால் போதுமா? அச்சாலை சென்று சேரும் இடங்களில் ஒன்று பள்ளிக்கூடம். தாம் இழந்ததைத் தம் இனத்துப் பிள்ளைகள் இழக்கலாகாது என்ற எண்ணம் அவர் நெஞ்சில் ஊன்றியது. 1904 இல் வெங்கானூரில் தம் மக்களைக்கொண்டே ஓர் ஓலைக் கொட்டகை எழுப்பிப் பள்ளிக்கூடம் என்று பெயரிட்டார். அதைத் தீயிட்டுக் கொளுத்திவிட்டார்கள். மறுபடியும் கட்டினார். ஓலைக்கும் மூங்கிலுக்கும் பஞ்சம் இல்லை. உபாத்தியாயருக்குத்தான் பஞ்சம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் தம் வகுப்பில் இல்லை, பிற வகுப்பில் தெரிந்தவர் வரத் துணிவதில்லை. ஆகவே தனிப்பள்ளி வைத்துப் பயனில்லை, சர்க்கார் பள்ளியின் வாயிலே திறக்க வேண்டும் என்று அவர் தெளிந்தார்.

1907 இல் சாது ஜன பரிபாலன சங்கம் தோன்றியது. ஈழவ மக்களுக்காக 1903 இல் அமைந்த ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன சங்கம் இதற்கு முன்மாதிரி. ஊர்தோறும் கிளைகள் ஏற்பட்டன. வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, அன்று சங்கக் கூட்டம் என்ற ஒழுங்கை உறுப்பினர் கைக்கொண்டனர். வழக்குகளைத் தீர்ப்பதற்கு வெங்கானூரில் சங்கமே ஒரு சமுதாய நீதிமன்றம் நடத்தியது. அரசாங்க நீதிமன்றத்தில் தொலைவில் நின்று கூவிச் சாட்சி சொல்ல வேண்டியிருந்த மக்கள், தமக்கென ஒரு மன்றத்தில் எதிரே நின்று முறையிட்டார்கள்.

அதே 1907 இல் புலையர் பிள்ளைகளைச் சர்க்கார் பள்ளிகளில் சேர்க்கலாம் என்று உத்தரவு பிறந்தது. பிறந்தும் என்ன? கீழ்நிலை அதிகாரிகள் அதை வெளியே விடவில்லை. தலைமை உபாத்தியாயர் பலர் அப்படி ஓர் உத்தரவே வரவில்லை என்றனர். 1910 இல் அரசு மீண்டும் வற்புறுத்த வேண்டியதாயிற்று. காகிதக் கட்டுகளுக்கு நடுவே நாளெல்லாம் உட்கார்ந்து பிழைக்கும் நம்மைப் போன்றோருக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்றை நிறைவேற்ற மனம் இல்லாவிடில் அதை மறுத்து எழுத வேண்டியதில்லை. வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, கட்டில் வைத்து, நூலால் இறுக்கிவிட்டால் போதும். அது தானே உறங்கிவிடும். உறங்கும் உத்தரவை எழுப்புவதற்குப் படித்தவர்கள் விண்ணப்பம் எழுதுவார்கள். படிக்காத அய்யன்காளி வேறு வழி கண்டார்.

அவ்வழி வேலைநிறுத்தம். பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்காவிடில் வயலில் இறங்குவதில்லை என்று சங்கம் தீர்மானித்தது. கூலி உயர்வும் வேலையின் நிலைபேறும் வேண்டுகோளில் இருந்தனவாயினும் முதல் வேண்டுகோள் பள்ளிக்கூடமே. சோற்றுக்காக வேலைநிறுத்தம் செய்தவர்களை உலகம் எங்கும் காண்கிறோம். பிள்ளைகளின் படிப்புக்காகச் சோற்றையே விட்டவர்கள் அரியர். நிலமுடையோர் முதலில் சிரித்தார்கள். பசி வந்தால் தாமே வருவார்கள் என்று இருந்தார்கள். நாற்று முற்றியது, வயல் புல் மண்டியது. சிலர் தாமே சேற்றில் இறங்கி நட்டுப் பார்த்துக் காய்ச்சலில் விழுந்தார்கள். மறுபக்கத்தில் புலையர் குடிசைகளில் அடுப்பு எரியவில்லை. அடியும் உதையும் வேறு. அப்பொழுது கடற்கரை மீனவர்கள் கை கொடுத்தார்கள். தங்கள் படகுகளிலும் வலைகளிலும் இவர்களுக்கு வேலை தந்து பங்கும் தந்தார்கள். ஏழைக்கு ஏழை செய்த இவ்வுதவி இல்லையேல் அப்போராட்டம் பாதியில் முறிந்திருக்கும். முடிவில் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் ஒருவர் நடுவராக அமர்ந்து உடன்பாடு செய்துவைத்தார். கூலி உயர்ந்தது. பள்ளிப் பிரவேசமும் நடமாடும் உரிமையும் கொள்கையளவில் ஒப்புக்கொள்ளப்பட்டன.

இனி மைசூர்த் தொடர்பைச் சொல்வோம். நம் ஊர் டவுன் ஹாலுக்கு ரங்காசாரியார் மண்டபம் என்று பெயர் இருப்பதை அறிவோம். செங்கற்பட்டுச் சீமையிலிருந்து வந்து மைசூருக்குத் திவானான ரங்காசாரியார் 1881 இல் தசராவை ஒட்டி இங்கே பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டினார். குடிகள் தங்கள் குறைகளை அரசாங்கத்தின் முன் நேரிற் சொல்லுவதற்கு ஏற்பட்ட சபை அது. அதனைப் பார்த்தே 1904 இல் திருவாங்கூரில் ஸ்ரீமூலம் பிரஜா சபை அமைந்தது. அப்பொழுது அங்கே திவானாக இருந்தவர் கும்பகோணத்துக்காரரான வி. பி. மாதவ ராவ். அவரே 1906 முதல் 1909 வரை நம் மைசூரில் திவானாக இருந்தார். சட்டம் இயற்றும் அதிகாரம் அச்சபைக்கு இல்லை. கேட்கலாம், அவ்வளவே. ஆனால் கேட்பதற்குக்கூட இடம் இல்லாதிருந்தவர்களுக்கு அதுவே பெரிது.

மைசூர் மற்றோர் உதவியும் செய்தது. ஈழவ வகுப்பிற் பிறந்து வைத்தியப் பட்டம் பெற்ற டாக்டர் பல்பு என்பவருக்குத் திருவாங்கூர் அரசு சாதி காரணமாக வேலை மறுத்தது. அவரை ஏற்றுக்கொண்டது மைசூர் அரசு. இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டே அவர் 1896 இல் 13,176 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைத் திருவாங்கூர் மகாராஜாவுக்கு அனுப்பினார். தம் வகுப்பாருக்குப் பள்ளிகளும் உத்தியோகங்களும் திறக்க வேண்டும் என்பதே அதன் பொருள். பிழைக்க வந்த ஊரில் இருந்துகொண்டு பிறந்த ஊருக்காகப் பாடுபட்ட அம்மனிதரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

புலையர் சார்பில் பிரஜா சபையில் பேசிவந்தவர் சுபாஷிணி பத்திரிகையின் ஆசிரியர் பி. கே. கோவிந்தப் பிள்ளை. அவ்வகுப்பாருக்காக அவ்வகுப்பிலேயே ஒருவர் பேசுவதுதான் முறை என்று அவரே அரசுக்கு எடுத்துரைத்தார். பதவியில் இருப்பவர் தம் இடத்தைத் தாமே பிறருக்குக் கொடுக்கச் சொல்வது நாம் அடிக்கடி காணும் செய்கை அன்று. திவான் பி. ராஜகோபாலாசாரியார் அதனை ஏற்றார். 1911 டிசம்பரில் அய்யன்காளி உறுப்பினராக நியமிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் கோட்டும் தலைப்பாகையுமாகச் சென்று அமர்ந்தார். நெடுங்காலம் அப்பதவியில் இருந்தார். குடியிருக்க நிலம் வேண்டும், புறம்போக்கில் பட்டா வேண்டும், பள்ளியிற் சேர்க்க வேண்டும், சம்பளச் சலுகை வேண்டும் என்று ஆண்டுதோறும் விடாமற் கேட்டார். அவர் அமர்ந்த அம்மண்டபத்துக்கு 2019 முதல் அவர் பெயரே வழங்குகிறது.

சபையில் கேட்டாயிற்று, உத்தரவும் உண்டு. இனி வாயிலில் நின்று பார்க்க வேண்டியதே பாக்கி. 1914 இல் நெய்யாற்றின்கரைத் தாலுக்காவிலுள்ள ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறு பெண்ணை அழைத்துக்கொண்டு அய்யன்காளி சென்றார். அவள் பூசாரி அய்யன் என்பவருடைய மகள். ஆண் பிள்ளையை விட்டுப் பெண் பிள்ளையை அழைத்துச் சென்றது கவனிக்கத்தக்கது. தலைமை உபாத்தியாயர் மறுத்தார். அய்யன்காளி உத்தரவை நீட்டினார். தாம் நீட்டிய அக்காகிதத்தில் எழுதியிருந்ததை அவரால் படிக்க முடியாது, படிக்க அறிந்தவரோ அதன்படி நடக்க மனமில்லாதவர். இந்த ஒரு காட்சியில் அந்நாட்டின் நிலை முழுதும் அடங்கியிருக்கிறது. பஞ்சமி உள்ளே சென்று பெஞ்சில் உட்கார்ந்தாள். மற்றப் பிள்ளைகளைப் பெற்றோர் இழுத்துக்கொண்டு போனார்கள். வெளியே கைகலப்பு மூண்டது. அன்றிரவு பள்ளிக்கூடம் எரிந்தது. ஒரு பெண் குழந்தை உட்கார்ந்த இடத்தில் தங்கள் பிள்ளைகளை உட்கார வைப்பதைவிடப் பள்ளியே இல்லாமற்போவது மேல் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள் போலும்!

கலகம் அண்டை ஊர்களுக்கும் பரவியது. குடிசைகள் எரிந்தன. அக்கலகம் கொல்லம் ஆண்டு 1090 இல் நிகழ்ந்தமையால் தொண்ணூறாம் ஆண்டுக் கலகம் என்று மக்கள் பெயரிட்டு நினைவு வைத்திருந்தார்கள். வடக்கே திருவல்லாப் பக்கத்தில் புல்லாடு என்னும் ஊரிலும் புலையர் பிள்ளைகளைச் சேர்த்ததற்காகப் பள்ளி கொளுத்தப்பட்டது. தீ வைத்த பள்ளிக்கூடம் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

இவையெல்லாம் நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை என்று நினைத்துத் தலைகுனிய வேண்டுவதில்லை, பெருமைப்படவும் வேண்டுவதில்லை. அமெரிக்காவில் வெள்ளையருக்கு ஒரு பள்ளி, நீக்ரோவருக்கு ஒரு பள்ளி என்று தென் மாகாணங்கள் சட்டமே செய்திருந்தன. தனித்தனியாயினும் சமமாயிருந்தால் குற்றமில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1896 இல் ரயில் வண்டி வழக்கு ஒன்றில் கூறிய தீர்ப்பே அதற்கு அரணாக நின்றது. ரயில்வேத் தொழிலாளராகிய நாம் அவ்வழக்கு ஒரு வண்டிப் பெட்டியிலிருந்து பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தர்குட் மார்ஷல் முதலிய வழக்கறிஞர்கள் படிப்படியாக வழக்காடி 1954 மே 17 ஆம் நாள் அதனை உடைத்தார்கள். ஒன்பது நீதிபதிகளும் ஒரே முகமாகத் தீர்ப்பளித்தனர். அவ்வளவு பெரிய தீர்ப்பு இருந்தும் 1957 இல் லிட்டில் ராக் என்னும் ஊரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழைவதற்கு ஜனாதிபதி ஐசன்ஹோவர் பட்டாளத்தை அனுப்ப வேண்டியிருந்தது. பஞ்சமியின் பக்கத்தில் பட்டாளம் எதுவும் நிற்கவில்லை.

நீதிமன்றப் போராட்டமும் திருவாங்கூரில் இல்லாமல் இல்லை. 1915 இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் கலகம் மூண்டு வீடுகள் எரிந்தன. அதன்பின் அய்யன்காளி கொல்லத்தில் பெருங்கூட்டம் ஒன்று கூட்டினார். சங்ஙனாசேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமை தாங்கினார். அடிமைச் சின்னமாகிய கல்மணி மாலைகளை அங்கே பெண்கள் கழற்றி எறிந்தனர், மேடையருகே அவை குவியலாகக் கிடந்தன. கலக வழக்குகளில் மாட்டிக்கொண்ட புலையருக்கு வாதாட வக்கீல் வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? வக்கீல் இலஞ்ஞிக்கல் ஜான் என்பவருக்கு அவர்கள் கூலியின்றி ஒரு குளம் வெட்டிக் கொடுத்துக் கட்டணத்தைத் தீர்த்தார்கள். கொல்லம் நகரில் கம்மான் குளம் என்பது அதன் பெயர். கையில் மண்வெட்டியைத் தவிர வேறில்லாதவர்கள் நீதி கேட்ட வரலாறு அது.

பிற்காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிள்ளைகள் ஒன்றும் இரண்டுமாகப் பள்ளிகளில் நுழைந்தனர். அவர்களுக்குச் சம்பளச் சலுகைகள் வந்தன. 1936 நவம்பர் 12 ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேச விளம்பரம் செய்தார். அதன் பின்னர், 1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கே வந்து அய்யன்காளியைச் சந்தித்தார். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்து மூன்று. தாம் கண்ணை மூடுமுன் தம் வகுப்பில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெற்றிருப்பதைக் காண வேண்டும் என்பதே அவர் காந்தியடிகளிடம் தெரிவித்த ஆசை. நிலமோ பதவியோ கேட்கவில்லை. நாம் மெட்ரிகுலேஷனோடு நின்றவர்கள். பட்டம் என்ற சொல்லுக்கு வீட்டில் என்ன மதிப்பு என்பது நமக்குத் தெரியும். ஆகையால் அவர் ஏன் நூறு என்று கேளாமல் பத்து என்று கேட்டார் என்பதும் ஒருவாறு விளங்குகிறது. 1941 ஜூன் 18 ஆம் நாள் அவர் காலமானார்.

1950 இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அரசு நடத்தும் பள்ளியிலோ அரசின் பணம் பெறும் பள்ளியிலோ மதம், இனம், சாதி, மொழி காரணமாக மட்டும் எவரையும் சேர்க்க மறுத்தல் ஆகாது என்று 29 ஆம் பிரிவு கூறுகிறது. மொழி என்ற சொல் அதில் இருப்பதை வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் நாம் சிறப்பாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் காலனிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கன்னடப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்வது அப்பிரிவின் நிழலில்தான்.

1980 இல் திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் அய்யன்காளிக்குச் சிலை வைத்தார்கள். இந்திரா காந்தி அம்மையார் அதைத் திறந்துவைத்தார். அவ்வழியே செல்லும் அன்பர்கள் சிலையைக் காண்பதோடு நில்லாமல் ஊரூட்டம்பலத்திற்கும் போய் வருதல் நலம். அங்கே அப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது. 2022 இல் கேரள அரசு அதற்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் சூட்டியது. அன்று தீயில் பாதி கருகித் தப்பிய ஒரு பெஞ்சை அப்பள்ளியிலே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.